துணை நிறுவனக் கையகப்படுத்தலில் நற்பெயரும் கட்டுப்படுத்தாப் பங்குரிமையும்: கச்சிராயபாளையம் கரும்பு வட்டாரத்தை முன்வைத்த கணக்கியல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கித் தன் துணை நிறுவனமாக்கிக் கொள்ளும்போது, ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பில் நற்பெயர், கட்டுப்படுத்தாப் பங்குரிமை ஆகிய இரு புதிய இனங்கள் தோன்றுகின்றன. இவ்விரண்டையும் கணக்கிடும் முறையை இந்தியக் கணக்கியல் தரநிலை 103 வகுத்துள்ளது. இத்தரநிலை கட்டுப்படுத்தாப் பங்குரிமையை அளவிட இரு வழிகளை அனுமதிப்பதால், ஒரே கொள்முதலுக்கு இரு வேறு நற்பெயர்த் தொகைகள் கிடைக்கின்றன. இவ்வேறுபாடு தோன்றும் இடத்தையும், அது பிற்காலக் கணக்குகளில் யாரைப் பாதிக்கிறது என்பதையும் கள்ளக்குறிச்சி மாவட்டக் கரும்புத் தொழிற்சூழலை ஒட்டி அமைத்த ஓர் எடுத்துக்காட்டின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 2024இல் கைமாறிய நிகழ்வு படிப்படியான கையகப்படுத்தலுக்குச் சான்றாகவும், கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இக்கணக்கீட்டின் எல்லைக்குச் சான்றாகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நற்பெயர், கட்டுப்படுத்தாப் பங்குரிமை, துணை நிறுவனம், நியாய மதிப்பு, மதிப்பிழப்பு, கரும்பு நிலுவை, கூட்டுறவு ஆலை.

முன்னுரை

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் அமைந்த ஊர் கச்சிராயபாளையம். இங்குக் கள்ளக்குறிச்சி–2 கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்குகிறது. இதன் மூத்த ஆலையான கள்ளக்குறிச்சி–1 மூங்கில்துறைப்பட்டில் உள்ளது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மறு கோடியிலுள்ள நெல்லிக்குப்பத்தில் ஈ.ஐ.டி. பாரி நிறுவனத்தின் ஆலை 19ஆம் நூற்றாண்டு முதல் சர்க்கரை உற்பத்தி செய்து வருகிறது. உழவர்கள் உறுப்பினராக உள்ள கூட்டுறவு ஆலையும், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட தனியார் ஆலையும் ஒரே பயிரை நம்பி அடுத்தடுத்து இயங்கும் நிலப்பரப்பு இது.

தனியார் ஆலைகள் கைமாறக்கூடியவை. ஆலையொன்று கைமாறும்போது வாங்கியவரின் கணக்கேடு, விற்காமல் எஞ்சிய பங்குதாரரின் உரிமை, கரும்புப் பணத்திற்குக் காத்திருக்கும் உழவரின் கோரிக்கை ஆகிய மூன்றும் ஒரே கணக்கீட்டில் சந்திக்கின்றன. வகுப்பறையில் இக்கணக்கீடு பெரும்பாலும் ஒரு சூத்திரமாகவே கற்பிக்கப்படுகிறது. சூத்திரத்தின் ஒவ்வோர் உறுப்பும் யாருடைய பணத்தைக் குறிக்கிறது என்பது தெளிவானால், அதன் விடையைப் படிக்கும் முறையும் மாறும்.

1. கலைச்சொற்கள்

தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் 'நற்பெயர்' என்றும், இலங்கைத் தமிழ் வழக்கில் 'நன்மதிப்பு' என்றும் குறிக்கப்படும் கருத்து, வணிகச் சட்டத்தில் பழமையானது. பழைய வாடிக்கையாளர் பழைய இடத்திற்கே மீண்டும் வருவர் எனும் வாய்ப்பே நற்பெயர் என 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து நீதிமன்றம் கருதியது. இந்திய உச்சநீதிமன்றம் 1981இல் பி.சி. சீனிவாச செட்டி வழக்கில், ஊதுவத்தித் தொழில் நடத்திய ஒரு கூட்டாண்மையின் நற்பெயரைப் பற்றி ஆராய்ந்தது. தானாக வளர்ந்த நற்பெயருக்கு அடக்கவிலை என ஒன்றைக் காட்ட இயலாது என்பதே அத்தீர்ப்பின் மையக் காரணமாயிற்று.

கணக்கியலும் இதே காரணத்தை ஏற்கிறது. நிறுவனம் தானே வளர்த்த நற்பெயரை அதன் ஏட்டில் சொத்தாகப் பதிய இந்தியக் கணக்கியல் தரநிலை 38 இடமளிப்பதில்லை. மற்றொருவர் அந்நிறுவனத்தை விலை கொடுத்து வாங்கும்போது மட்டுமே நற்பெயருக்கு அளவிடத்தக்க தொகை கிடைக்கிறது. அத்தொகையும் நேரடியாக மதிப்பிடப்படுவதன்று. பிறவற்றையெல்லாம் மதிப்பிட்டபின் எஞ்சுவதாகும். நற்பெயர் என்பது எச்சத்தொகை என்னும் இவ்வியல்பே பின்வரும் அனைத்திற்கும் அடிப்படை.

'கட்டுப்படுத்தாப் பங்குரிமை' என்பது துணை நிறுவனத்தின் பங்குமுதலில் தாய் நிறுவனத்திற்கு உரிமையில்லாத பகுதி. இது முன்னர்ச் 'சிறுபான்மையர் பங்கு' எனப்பட்டது. ஒப்பந்தம் வாயிலாகவோ சிதறிய வாக்குகளின் காரணமாகவோ பாதிக்கும் குறைவான பங்கை வைத்திருப்பவரும் ஒரு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தக்கூடும். அப்போது எஞ்சியோர் எண்ணிக்கையில் பெரும்பான்மையராகவே இருப்பர். ஆதலின் எண்ணிக்கையைக் குறிக்கும் பழைய சொல் கைவிடப்பட்டு, கட்டுப்பாட்டைக் குறிக்கும் சொல் ஏற்கப்பட்டது.

2. சட்டமும் தரநிலையும்

நிறுமங்கள் சட்டம், 2013இன் 2(87)ஆம் பிரிவு துணை நிறுவனத்தை வரையறுக்கிறது. இயக்குநர் குழுவின் அமைப்பைக் கட்டுப்படுத்துதல் அல்லது மொத்த வாக்குரிமையில் பாதிக்கு மேல் கொண்டிருத்தல் ஆகியவை அதன் அளவுகோல்கள். 129(3)ஆம் பிரிவு ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கையைக் கட்டாயமாக்குகிறது. இந்தியக் கணக்கியல் தரநிலை 110, கட்டுப்பாட்டை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது: செயல்களை நெறிப்படுத்தும் அதிகாரம், மாறுபடும் வருவாயில் பங்கு, அவ்வருவாயை மாற்ற அதிகாரத்தைப் பயன்படுத்தும் திறன்.

2001 முதல் நடைமுறையிலிருந்த பழைய கணக்கியல் தரநிலை 21, துணை நிறுவனத்தின் ஏட்டு மதிப்பையே அடிப்படையாகக் கொண்டது. கொடுத்த விலைக்கும், ஏட்டின்படியான பங்குமுதலில் தாய் நிறுவனத்தின் பங்கிற்கும் உள்ள வேறுபாடே நற்பெயர் எனப்பட்டது. பல பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய நிலம் பழைய விலையிலேயே ஏட்டில் இருக்க, அதன் உயர்ந்த மதிப்பெல்லாம் நற்பெயர் என்ற தலைப்பில் போய்ச் சேர்ந்தது. 2015ஆம் ஆண்டு விதிகளின்படி அறிவிக்கப்பட்டு, 2016 ஏப்ரல் முதல் பெருநிறுவனங்களுக்குக் கட்டாயமான புதிய தரநிலைகள் இம்முறையை மாற்றின. தரநிலை 103இன்படி, வாங்கப்பட்ட நிறுவனத்தின் ஒவ்வொரு சொத்தும் பொறுப்பும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, கையகப்படுத்திய நாளின் நியாய மதிப்பில் அளவிடப்படுதல் வேண்டும்.

3. அடிப்படைச் சமன்பாடு

தரநிலை 103 தரும் சமன்பாடு நான்கு உறுப்புகளைக் கொண்டது.

நற்பெயர் = (அ) கொடுத்த ஈட்டின் நியாய மதிப்பு + (ஆ) கட்டுப்படுத்தாப் பங்குரிமையின் அளவு + (இ) முன்னரே வைத்திருந்த பங்குகளின் நியாய மதிப்பு − (ஈ) இனங்காணத்தக்க நிகரச் சொத்து

இங்கு நிகரச் சொத்து முழுமையாக, அதாவது 100 விழுக்காடும், கழிக்கப்படுகிறது. தாய் நிறுவனம் 70 விழுக்காட்டை மட்டுமே வாங்கியிருந்தாலும் ஆலையின் நிலமும் இயந்திரமும் முழுவதும் ஒருங்கிணைந்த ஏட்டிற்குள் வருகின்றன. 70 விழுக்காட்டு நிலம் என ஒன்று இல்லை. முழுச்சொத்தும் வரும்போது, அதில் பிறருக்குரிய பகுதியை எதிர்ப்பக்கத்தில் காட்டியாக வேண்டும். கட்டுப்படுத்தாப் பங்குரிமை அப்பணியைச் செய்கிறது. அது பொறுப்பன்று, பங்குமுதலின் ஒரு பகுதியாகத் தனித்துக் காட்டப்படுகிறது.

கொடுத்த ஈட்டில் ரொக்கம், வழங்கிய பங்குகள், நிபந்தனைக்குட்பட்ட பிற்காலத் தொகை ஆகியவை அடங்கும். வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் முதலியோர்க்குச் செலுத்திய கட்டணம் ஈட்டில் சேராது. அது அவ்வாண்டின் செலவாகும்.

4. எடுத்துக்காட்டு: நிகரச் சொத்தைக் காணுதல்

கரும்பு வட்டாரத்துப் பட்டியலிட்ட தனியார் ஆலையொன்றின் 70 விழுக்காட்டுப் பங்குகளை ஒரு நிறுவனம் வாங்குவதாகக் கொள்ளலாம். பின்வரும் தொகைகள் விளக்கத்திற்காகக் கற்பிக்கப்பட்டவை; அனைத்தும் கோடி ரூபாயில் அமைந்தவை. ஆலையின் பங்குமுதல் 50. பங்கொன்றின் முகமதிப்பு 10 ரூபாய் என்பதால் பங்குகள் 5 கோடி. காப்புகள் 74. வரி விகிதம் 25 விழுக்காடு என எளிமை கருதி எல்லா வேறுபாடுகளுக்கும் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது.

| விவரம் | தொகை |
|---|---|
| ஏட்டின்படி நிகரச் சொத்து (50 + 74) | 124 |
| கழிக்க: ஆலையின் ஏட்டிலிருந்த பழைய நற்பெயர் | (5) |
| கூட்ட: நிலத்தின் மதிப்புயர்வு (20இலிருந்து 60) | 40 |
| கழிக்க: இயந்திரங்களின் மதிப்புக்குறைவு (90இலிருந்து 82) | (8) |
| கூட்ட: சர்க்கரை இருப்பின் மதிப்புயர்வு (45இலிருந்து 49) | 4 |
| கழிக்க: கரும்பு விலை வேறுபாட்டுக் கோரிக்கை | (8) |
| கழிக்க: ஒத்திவைக்கப்பட்ட வரிப் பொறுப்பு (28இல் 25%) | (7) |
| இனங்காணத்தக்க நிகரச் சொத்து | 140 |

பழைய நற்பெயர் நீக்கப்படுவதற்குக் காரணம், அதனை ஆலையிலிருந்து பிரித்து விற்க இயலாது என்பதே. புதிய கொள்முதலில் எழும் நற்பெயருக்குள் அது கரைந்துவிடுகிறது. அனுபவம் மிக்க தொழிலாளர் குழுவும் இவ்வாறே; அரைவைப் பருவத்தில் ஆலையைத் தடையின்றி ஓட்டும் அவர்களின் திறன் எவ்வளவு மதிப்புடையதாயினும் தனிச் சொத்தாகப் பதியப்படுவதில்லை. மாறாக, சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ உறுதிசெய்யப்பட்ட உரிமை தனிச் சொத்தாகும். ஆலைக்கென ஒதுக்கப்பட்ட கரும்புப் பகுதி, மின்வாரியத்துடன் செய்துகொண்ட இணைமின் விற்பனை ஒப்பந்தம் போன்றவை இவ்வகையில் ஆராயத்தக்கவை. உழவர் தலைமுறையாக ஒரே ஆலைக்குக் கரும்பு வெட்டும் பழக்கம் எந்த ஒப்பந்தத்திலும் அடங்காது. அது நற்பெயரின் கூறு.

5. ஒரே கொள்முதல், இரு விடைகள்

தாய் நிறுவனம் 70 விழுக்காட்டிற்கு, அதாவது 3.5 கோடிப் பங்குகளுக்கு, 112 கோடி ரொக்கம் தருகிறது. குறித்த அரைவை அளவை எட்டினால் மேலும் தர ஒப்புக்கொண்ட தொகையின் இன்றைய நியாய மதிப்பு 7 கோடி. மொத்த ஈடு 119 கோடி; பங்கொன்றிற்கு 34 ரூபாய். விற்கப்படாத 1.5 கோடிப் பங்குகளின் சந்தை விலை அந்நாளில் 32 ரூபாய்.

தரநிலை 103 ஒவ்வொரு கையகப்படுத்தலுக்கும் தனித்தனியே இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள அனுமதிக்கிறது.

| விவரம் | விகித முறை | நியாய மதிப்பு முறை |
|---|---|---|
| கொடுத்த ஈடு | 119 | 119 |
| கட்டுப்படுத்தாப் பங்குரிமை | 42 | 48 |
| கூடுதல் | 161 | 167 |
| இனங்காணத்தக்க நிகரச் சொத்து | (140) | (140) |
| நற்பெயர் | 21 | 27 |

விகித முறையில் கட்டுப்படுத்தாப் பங்குரிமை, 140 கோடியின் 30 விழுக்காடாகிய 42 கோடி. நியாய மதிப்பு முறையில் அது சந்தை விலைப்படி 48 கோடி. இரு விடைகளுக்கும் உள்ள வேறுபாடாகிய 6 கோடி, எஞ்சிய பங்குதாரருக்குரிய நற்பெயர். விகித முறை தாய் நிறுவனம் விலை கொடுத்து வாங்கிய நற்பெயரை மட்டும் காட்டுகிறது. நியாய மதிப்பு முறை ஆலையின் முழு நற்பெயரையும் காட்டுகிறது. அமெரிக்கக் கணக்கியல் நெறிகள் இரண்டாம் முறையையே கட்டாயமாக்குகின்றன. பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலை 3இன் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டையும் அனுமதித்தது. இந்தியத் தரநிலை அதனைப் பின்பற்றுகிறது.

மாணவர் பலர் 119 கோடி 70 விழுக்காட்டின் விலையெனில் 30 விழுக்காட்டின் மதிப்பு 51 கோடி என விகிதப்படி கணக்கிட்டு, நற்பெயரை 30 கோடி எனக் காண்கின்றனர். இது பிழையான விடை. தாய் நிறுவனம் பங்கொன்றிற்குக் கூடுதலாகத் தந்த 2 ரூபாய் கட்டுப்பாட்டிற்கான விலை. இயக்குநர்களை நியமிக்கவும் கொள்கையை வகுக்கவும் இயலாத சிறு பங்குதாரரின் பங்கிற்கு அவ்விலை பொருந்தாது. ஆகவே 27 கோடி நற்பெயர் 21க்கு 6 எனப் பிரிகிறதேயன்றி 70க்கு 30 எனப் பிரிவதில்லை.

ஆலை நலிவுற்று, 70 விழுக்காடு 90 கோடிக்கே விலைபோயிருப்பின், விகித முறையில் 90 + 42 − 140 = −8 என எதிர்மறை விடை கிடைக்கும். அத்தகைய நிலையில் சொத்து, பொறுப்பு அனைத்தையும் மீண்டும் சரிபார்க்குமாறு தரநிலை பணிக்கிறது. அதன் பின்னும் குறை நிலைத்தால், பன்னாட்டுத் தரநிலை அதனை இலாபமாகக் கருதுகிறது. இந்தியத் தரநிலை மேலும் எச்சரிக்கையுடையது: மலிவாக வாங்கியதற்குத் தெளிவான காரணம் இருப்பின் அத்தொகை பிற முழுமை வருமானத்தின் வழியாகவும், இல்லையேல் நேரடியாகவும், முதலினக் காப்பிற்குச் செல்கிறது. இலாப நட்டக் கணக்கை அது தொடுவதில்லை.

6. கரும்பு நிலுவை எனும் பொறுப்பு

மேற்கண்ட அட்டவணையில் உழவர்க்கு நேரடித் தொடர்புடைய வரி ஒன்றுண்டு: கரும்பு விலை வேறுபாட்டுக் கோரிக்கை. கரும்பு (கட்டுப்பாடு) ஆணை, 1966இன்படி கரும்பு ஒப்படைத்த 14 நாள்களுக்குள் விலை தரப்பட வேண்டும். தாமதத்திற்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி உண்டு. தமிழ்நாட்டில் மத்திய அரசு அறிவித்த விலைக்கும் மாநில அரசு பரிந்துரைத்த விலைக்கும் இடைப்பட்ட தொகை குறித்து உழவர்க்கும் தனியார் ஆலைகளுக்கும் இடையே நீண்ட வழக்காடல் நிகழ்ந்துள்ளது. இத்தகைய கோரிக்கைகளை ஆலை தன் தனிக் கணக்கில் பொறுப்பாகப் பதியாமல், அடிக்குறிப்பில் எதிர்பாராப் பொறுப்பாக மட்டும் காட்டுவது இயல்பு. பணம் வெளியேறும் வாய்ப்பு அதிகம் என்று நிறுவப்பட்டால் மட்டுமே தனிக் கணக்கில் பதிய வேண்டும் என்பது அங்குள்ள விதி.

கையகப்படுத்தலில் விதி மாறுகிறது. கடந்தகால நிகழ்வால் எழுந்த நிகழ்காலக் கடப்பாடாக இருந்து, அதன் நியாய மதிப்பை நம்பத்தக்க வகையில் அளவிட முடியுமாயின், பணம் வெளியேறும் வாய்ப்புக் குறைவாயினும் அதனைப் பதிதல் வேண்டும். வாங்குபவர் விலை பேசும்போது இக்கோரிக்கையைக் கருத்திற்கொண்டே பேசியிருப்பார் என்பது இதன் நியாயம்.

இவ்வரியை விட்டுவிட்டால் நிகழ்வதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கோரிக்கை 8 கோடியும் அதன் வரி விளைவு 2 கோடியும் நீங்க, நிகரச் சொத்து 146 கோடியாகிறது. கட்டுப்படுத்தாப் பங்குரிமை 43.8 கோடி, நற்பெயர் 119 + 43.8 − 146 = 16.8 கோடி. நற்பெயர் 4.2 கோடி குறைந்தும், எஞ்சிய பங்குதாரரின் உரிமை 1.8 கோடி கூடியும் தோன்றும். பின்னாளில் தீர்ப்பு உழவர்க்குச் சாதகமானால் முழுத்தொகையும் அவ்வாண்டின் இலாபத்தைத் தாக்கும். கையகப்படுத்திய நாளிலேயே இருந்த கடன், பிற்காலத்து நட்டமாக வேடம் மாறும். அந்நாளில் நிலவிய உண்மைகள் பின்னர்த் தெரியவந்தால் ஓராண்டுக்குள் மட்டும் தொடக்கக் கணக்கைத் திருத்தலாம். அதன்பின் அவ்வாய்ப்பு இல்லை. எனவே உழவரின் கோரிக்கையைக் கொள்முதல் நாளிலேயே முறையாக மதிப்பிடுதல், நற்பெயர்க் கணக்கீட்டின் நேர்மைக்கு முதல் தேர்வாகிறது.

7. கையகப்படுத்தலுக்குப் பின்

முதலாண்டில் ஆலையின் தனிக் கணக்கு 12.25 கோடி இலாபம் காட்டுவதாகக் கொள்ளலாம். ஒருங்கிணைந்த கணக்கில் இவ்விலாபம் திருத்தப்பட வேண்டும். மதிப்புயர்த்திய சர்க்கரை இருப்பு விற்றுத் தீர்ந்ததால் அடக்கம் 4 கோடி கூடுகிறது. இயந்திர மதிப்பில் குறைத்த 8 கோடி எட்டாண்டுக்குப் பரவுவதால் தேய்மானம் 1 கோடி குறைகிறது. இவற்றின் நிகர விளைவாகிய 3 கோடியில் வரி 0.75 கோடி நீங்க, இலாபம் 2.25 கோடி குறைந்து 10 கோடியாகிறது. இதில் 30 விழுக்காடாகிய 3 கோடி எஞ்சிய பங்குதாரருக்குரியது. ஆலை வழங்கிய 5 கோடிப் பங்காதாயத்தில் அவர்கள் பெற்றது 1.5 கோடி. ஆக, ஆண்டிறுதியில் அவர்களின் பங்குரிமை விகித முறையில் 43.5 கோடி, நியாய மதிப்பு முறையில் 49.5 கோடி.

நற்பெயர் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தள்ளுபடி செய்யப்படுவதில்லை. தரநிலை 36இன்படி ஆண்டுக்கு ஒருமுறையேனும் மதிப்பிழப்புச் சோதனைக்கு உட்படுகிறது. மழை பொய்த்துக் கரும்பு வரத்துக் குறைந்து, ஆலையின் மீட்கத்தக்க தொகை 160 கோடியாக மதிப்பிடப்படுகிறது எனக் கொள்ளலாம். அப்போது நிகரச் சொத்து 140 + 10 − 5 = 145 கோடி.

நியாய மதிப்பு முறையில் ஏட்டுத்தொகை 145 + 27 = 172 கோடி; மதிப்பிழப்பு 12 கோடி. இலாபம் பகிரும் விகிதத்திலேயே இதுவும் பகிரப்படுவதால், தாய் நிறுவனப் பங்குதாரர் 8.4 கோடியும் எஞ்சியோர் 3.6 கோடியும் ஏற்கின்றனர். எஞ்சியோரின் பங்குரிமை 45.9 கோடியாகக் குறைகிறது.

விகித முறையில் ஏட்டிலுள்ள 21 கோடி நற்பெயர் 70 விழுக்காட்டிற்கு மட்டும் உரியது. மீட்கத்தக்க தொகையோ முழு ஆலைக்குரியது. இரண்டையும் ஒப்பிட, நற்பெயரை முதலில் 21 × 100 ÷ 70 = 30 கோடியாக முழுமைப்படுத்த வேண்டும். ஒப்பீட்டுத்தொகை 175 கோடி. மதிப்பிழப்பு 15 கோடி. இதில் பதியப்படாத நற்பெயருக்குரிய 30 விழுக்காடு விடப்பட்டு, 10.5 கோடி மட்டும் பதியப்படுகிறது. அது முழுவதும் தாய் நிறுவனப் பங்குதாரரையே சாரும்.

ஒரே வறட்சி, ஒரே ஆலை. ஆயினும் தாய் நிறுவனப் பங்குதாரர் ஏற்கும் நட்டம் ஒரு முறையில் 8.4 கோடி, மற்றொன்றில் 10.5 கோடி. நியாய மதிப்பு முறையில் நற்பெயர் 21க்கு 6 எனத் தோன்றி, மதிப்பிழப்பு மட்டும் 70க்கு 30 எனப் பகிரப்படுவதே இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணம். விகித முறையில் முழுமைப்படுத்திய 30 கோடியில், எஞ்சியோர் பங்கிற்குப் பொருந்தாத கட்டுப்பாட்டு விலையும் பெருக்கப்பட்டிருப்பது மற்றொரு காரணம். கையகப்படுத்திய நாளில் செய்த தேர்வைப் பின்னர் மாற்றிக்கொள்ள இயலாது. ஆதலின் இரு நிறுவனங்களின் இலாபத்தை ஒப்பிடும் ஆய்வாளர், அவை எம்முறையைத் தேர்ந்தன என்பதை முதலில் கணக்குக் குறிப்பில் காணுதல் இன்றியமையாதது.

8. படிப்படியான கையகப்படுத்தல்: இந்தியா சிமெண்ட்ஸ்

சமன்பாட்டின் மூன்றாம் உறுப்பாகிய முந்தைய பங்குகளின் பங்கை விளக்க அண்மைய நிகழ்வொன்று உதவுகிறது. இந்தியா சிமெண்ட்ஸ் 1946இல் தொடங்கப்பெற்று, திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் முதல் ஆலையை நிறுவியது. 2024 ஜூனில் அல்ட்ராடெக் சிமெண்ட் இதன் 22.77 விழுக்காட்டுப் பங்குகளை, பங்கொன்றிற்கு 270 ரூபாய்க்கும் குறைவான விலையில் வாங்கியது. ஜூலை இறுதியில், நிறுவனர் தரப்பிடமிருந்து மேலும் 32.72 விழுக்காட்டை 390 ரூபாய் வீதம், ஏறத்தாழ 3,954 கோடிக்கு வாங்க முடிவு செய்தது. போட்டி ஆணையத்தின் ஒப்புதலுக்குப் பின் 2024 டிசம்பர் 24 அன்று கொள்முதல் நிறைவேறி, பங்குரிமை 55.49 விழுக்காடானது; இந்தியா சிமெண்ட்ஸ் துணை நிறுவனமாயிற்று.

தரநிலையின்படி, கட்டுப்பாடு கைவந்த நாளில் முதல் 22.77 விழுக்காடு விற்று மீண்டும் வாங்கப்பட்டதைப் போலக் கருதப்படுகிறது. அதன் அந்நாளைய நியாய மதிப்பே சமன்பாட்டில் சேர்கிறது. ஜூனில் கொடுத்த விலை சேர்வதில்லை. 390 ரூபாய் என்னும் விலையில் கட்டுப்பாட்டிற்கான தொகையும் அடங்கியிருக்கக்கூடும் என்பதால், அதனை அப்படியே பழைய பங்குகளுக்கும் பொருத்துதல் தகாது.

பங்குச்சந்தை ஒழுங்காணையமான செபியின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, 25 விழுக்காட்டு எல்லையைக் கடப்பவர் பொதுப் பங்குதாரருக்கு 26 விழுக்காட்டிற்குத் திறந்த முன்மொழிவு தர வேண்டும். 22.77 விழுக்காடு இவ்வெல்லைக்குள் அடங்கியது. அடுத்த கொள்முதல் அதனைக் கடந்தது. 390 ரூபாய் வீதம் நிகழ்ந்த திறந்த முன்மொழிவின் முடிவில் அல்ட்ராடெக்கின் பங்குரிமை 81.49 விழுக்காடாக உயர்ந்தது. கட்டுப்படுத்தாதோரின் பங்குரிமை 44.51இலிருந்து 18.51 விழுக்காடாகக் குறைந்தது.

கட்டுப்பாடு கைவந்தபின் கூடுதல் பங்குகளை வாங்குதல், தரநிலை 110இன்படி உரிமையாளர்களுக்கு இடையிலான பரிமாற்றம். அதனால் நற்பெயர் கூடுவதுமில்லை, இலாப நட்டம் எழுவதுமில்லை. முந்தைய எடுத்துக்காட்டில் தாய் நிறுவனம் மேலும் 10 விழுக்காட்டை 17 கோடிக்கு வாங்கினால், விகித முறைப்படி 43.5 கோடியின் மூன்றிலொரு பகுதியாகிய 14.5 கோடி நீக்கப்பட்டு, வேறுபாடாகிய 2.5 கோடி பங்குமுதலில் நேரடியாகக் கழிக்கப்படும். ஆயினும் பல படிகள் ஒரே வணிக நோக்கில், ஒன்றையொன்று சார்ந்து அமைந்திருப்பின் அவற்றை ஒரே பரிமாற்றமாகக் கருத வேண்டியும் வரலாம். சட்டக் கட்டாயத்தால் தொடரும் திறந்த முன்மொழிவு எவ்வகையில் சேரும் என்பது, ஒவ்வொரு நிகழ்விலும் தீர்மானிக்கப்பட வேண்டிய வினா.

கட்டுப்படுத்தாப் பங்குரிமையின் அளவு வாசகரின் பார்வையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு நெல்லிக்குப்பம் ஆலையின் உரிமையாளரான ஈ.ஐ.டி. பாரியே சான்று. அதன் துணை நிறுவனமான கோரமண்டல் இன்டர்நேஷனலில் அதற்குப் பாதிக்குச் சற்றே கூடுதலான பங்குகளே உள்ளன. ஆயினும் ஒருங்கிணைந்த கணக்கில் உர விற்பனை முழுவதும் இடம்பெறுகிறது. மொத்த இலாபத்தை மட்டும் நோக்குபவர், அதில் பெரும்பகுதி பிறருக்குரியது என்பதைக் கவனியாது விடுவர்.

9. சமன்பாடு பொருந்தா இடம்: கச்சிராயபாளையம்

இக்கணக்கீட்டைக் கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைக்குப் பொருத்த முயன்றால் ஒவ்வோர் உறுப்பிலும் தடை எழுகிறது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இன் கீழ் இயங்கும் அமைப்பில் வாக்கு ஆளுக்கு ஒன்று. பங்கின் எண்ணிக்கைக்கு ஏற்ப அது பெருகுவதில்லை. எனவே பங்குகளை வாங்கிக் குவித்துக் கட்டுப்பாட்டைப் பெற வழியில்லை. பங்கிற்குச் சந்தை விலை இல்லாமையால் நியாய மதிப்பு முறைக்கு நேரடி அடிப்படை இல்லை. கட்டுப்படுத்துவோர், கட்டுப்படுத்தாதோர் என்ற பிரிவே பங்குரிமையின் வழி எழுவதில்லை.

நிறுமங்கள் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட தரநிலைகள் கூட்டுறவுச் சங்கத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துவதுமில்லை. எனினும் தரநிலை 103, உறுப்பினர் நலனுக்கான பரஸ்பர அமைப்புகள் இணையும் சூழலையும் எண்ணிப்பார்த்துள்ளது. அத்தகைய இணைப்பில் விலை என ஒன்று கைமாறாதபோது, இணைக்கப்பட்ட அமைப்பில் உறுப்பினர் கொண்ட உரிமையின் மதிப்பே ஈட்டின் இடத்தைப் பெறுகிறது. வந்து சேரும் நிகரச் சொத்து பங்குமுதலில் நேரடியாகக் கூட்டப்படுகிறது, ஈட்டிய இலாபத்தில் சேர்க்கப்படுவதில்லை.

கோமுகிப் பாசனத்திலும் மலையடிவாரக் கிணற்றுப் பாசனத்திலும் கரும்பு பயிரிடும் உறுப்பினர், ஆலையின் மேல் வைத்துள்ள நம்பிக்கைக்கு மதிப்புண்டு. பருவந்தோறும் வெட்டு ஆணைக்குக் காத்திருந்து கரும்பை அனுப்பும் பழக்கமே ஆலையை ஓட்டுகிறது. விற்பனைக்கு வராத அந்த நம்பிக்கையை எந்த இருப்புநிலைக் குறிப்பும் தொகையாகக் காட்டுவதில்லை. தனியார் ஆலையில் இதே நம்பிக்கை, ஆலை கைமாறும் நாளில் வாங்குபவரின் ஏட்டில் நற்பெயராக விலை பெறுகிறது.

முடிவுரை

நற்பெயர் எச்சத்தொகை, ஆதலின் அதன் தரம் பிற உறுப்புகளின் மதிப்பீட்டுத் தரத்தைச் சார்ந்தது. கட்டுப்படுத்தாப் பங்குரிமையை விகித முறையில் அளந்தால் நற்பெயர் குறைந்தும், நியாய மதிப்பு முறையில் அளந்தால் பெரும்பாலும் கூடியும் தோன்றும். இத்தேர்வு தொடக்க நாளோடு முடியாமல், மதிப்பிழப்பின் சுமையைப் பகிர்வதிலும் பிற்காலப் பங்குக் கொள்முதலிலும் தொடர்கிறது. பதியப்படாத கரும்பு நிலுவை, நிகரச் சொத்தைப் பெருக்கியும் நற்பெயரைக் குறைத்தும் காட்டுகிறது. கட்டுப்பாடு கைமாறும் நாளே அளவீட்டின் மையம். அதற்கு முன் வாங்கிய பங்கும் பின் வாங்கிய பங்கும் வெவ்வேறு விதிகளுக்கு உட்படுகின்றன.

கற்பித்தலில் சூத்திரத்திற்கு முன் மூன்று வினாக்களை வைப்பது பயன் தரும்: கட்டுப்பாடு எந்நாளில் கைமாறியது? அந்நாளில் ஆலை யார் யாருக்குக் கடன்பட்டிருந்தது? விற்காமல் எஞ்சியோரின் பங்கு எம்முறையில் அளக்கப்பட்டது? இம்மூன்றிற்கும் விடை கண்ட மாணவர்க்குக் கூட்டலும் கழித்தலும் மட்டுமே எஞ்சும். தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலைகளின் ஒருங்கிணைந்த கணக்குகளில் கரும்பு நிலுவைக் கோரிக்கைகள் கையகப்படுத்தல் நாளில் எவ்வாறு மதிப்பிடப்பட்டன என்பது, தனி ஆய்வுக்கு உரிய களம்.